மேல போன பொம்பளைக்கும் ஒரு குழு வேணும்

மார்ச் 8 வந்தா எல்லா கம்பெனிலயும் ஒரே கூத்துதான். ஆளுக்கொரு ரோஜாப்பூ, ஒரு கப்கேக், யாராவது ஒருத்தர கூட்டிட்டு வந்து நீங்க நினைச்சா சாதிக்கலாம்னு ஒரு ஸ்பீச். காலேஜ் முடிச்சு வந்த பொண்ணுங்களுக்கு அது சரி. ஆனா ஃபைனான்ஸ் ஹெட், பிளான்ட் ஹெட்னு ஏற்கனவே மேல வந்து உக்காந்தவளுக்கு அதுல என்னங்க இருக்கு? அவளுக்கு வேண்டியது அவள மாதிரியே இருக்கற ஒரு நாலு பேரு, அதுவும் வேற வேற கம்பெனில.

ஏன் வேற கம்பெனின்னா, சொந்த கம்பெனில யார்கிட்ட பேசுவீங்க? டீம்கிட்ட போய் இந்த முடிவு சரியான்னு எனக்கே சந்தேகமா இருக்குன்னு சொன்னா மறுநாள் கேன்டீன் பூரா அதான் பேச்சு. எம்.டி.கிட்ட சொல்லலாம்னா போனஸ் போடறதே அவர்தான். வீட்டுக்காரர் பாவம் நல்ல மனுஷன்தான், ஆனா பத்து நிமிஷம் கேட்டுட்டு விட்டுத்தள்ளும்மான்னுடுவார். சம்பளம் எவ்வளவு கேட்கலாம், இந்த ஆள நிக்க வைக்கணுமா அனுப்பணுமா, மெனோபாஸ்ல ராத்திரி தூக்கமே இல்லாம காலைல ஆடிட் கமிட்டிக்கு போய் உக்காரணுமே என்ன பண்றது, இதெல்லாம் எங்க பேசறது சொல்லுங்க.

சட்டமும் பாதி வழிலதான் விட்டிருக்கு. 2013 கம்பெனிச் சட்டம் வந்தப்புறம் பங்குச்சந்தைல லிஸ்ட் ஆன கம்பெனியோட போர்டுல குறைஞ்சது ஒரு பெண் டைரக்டர் இருந்தே ஆகணும். பங்குச்சந்தைய கண்காணிக்கற செபி அதுக்கு மேல போய் 2020 ஏப்ரல்ல இருந்து டாப் 1000 லிஸ்டட் கம்பெனில ஒரு பெண்ணாவது இண்டிபெண்டன்ட் டைரக்டரா, அதாவது முதலாளி குடும்பத்தோடயோ நிர்வாகத்தோடயோ சம்பந்தமில்லாத டைரக்டரா, இருக்கணும்னுச்சு. நல்லதுதான், அது இல்லன்னா அந்த ஒண்ணும் வந்திருக்காது. ஆனா நிறைய கம்பெனி ஒண்ணு போட்டுட்டு கடமை முடிஞ்சதுன்னு நிறுத்திக்கிட்டாங்க. எட்டு ஒம்போது ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒத்தையா உக்காந்து பேசறவ நிலைமை, உக்காந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். பொம்பளைக்கு பொம்பளைதான் எதிரின்னு ஒரு டயலாக் வெச்சிருக்காங்களே, இருக்கறது ஒரே சீட்டுன்னா யாரா இருந்தாலும் அடிச்சுக்கத்தான் செய்வாங்க, நாலு ஆம்பளைக்கு ஒரு சீட்டு போட்டுப் பாருங்களேன்.

சீட்டு நிறைய இருந்தா என்ன ஆகும்னு நம்ம நாட்டுலயே பாத்திருக்கோம். ஐசிஐசிஐ பேங்க். லலிதா குப்தே, கல்பனா மோர்பாரியா, ஷிகா சர்மா, சந்தா கோச்சர், ரேணுகா ராம்நாத், மாதவி புரி புச், இவ்வளவு பேரும் அங்க வளர்ந்தவங்க. ஷிகா சர்மா 2009ல ஆக்சிஸ் பேங்க் தலைமைக்குப் போனாங்க, ரேணுகா ராம்நாத் தனியா முதலீட்டு ஃபண்ட் ஆரம்பிச்சாங்க, கல்பனா மோர்பாரியா ஜேபி மார்கன் இந்தியாவுக்குப் போனாங்க, மாதவி புச் 2022ல செபியோட முதல் பெண் தலைவரா ஆனாங்க. எல்லாரும் கைகோத்துக்கிட்டு பாட்டு பாடினாங்கன்னு நான் சொல்ல வரல, ஒரே நாற்காலிக்குப் போட்டின்னு அப்பவே பத்திரிகைல எழுதினாங்க. பேங்க் தலைமைல இருந்த சந்தா கோச்சர் 2018ல சர்ச்சைல வெளிய போனது தனிக் கதை. ஆனா அந்த ஆபீஸ்ல ஒரு பொண்ணு மீட்டிங்ல வாயத் தொறந்தா இந்தம்மா என்ன புதுசா பேசுதுன்னு யாரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்க, அதுவே பெரிய விஷயம்.

ஒபாமா காலத்து வெள்ளை மாளிகைல ஒரு உத்தி இருந்துச்சு. ஆரம்பத்துல மூத்த உதவியாளர்கள்ல மூணுல ரெண்டு பங்கு ஆம்பளைங்க. அதனால அங்க இருந்த பொம்பளைங்க தங்களுக்குள்ள பேசி வெச்சுக்கிட்டாங்க, ஒருத்தி ஒரு பாயிண்ட் சொன்னா இன்னொருத்தி அத திருப்பிச் சொல்லி இது இன்னார் சொன்னதுன்னு பேரையும் சேத்து சொல்லணும். அவ்வளவுதான், காசா பணமா. நாம சொன்னத பத்து நிமிஷம் கழிச்சு பக்கத்து சீட்டுக்காரர் சொல்லி பாராட்டு வாங்கறத பாத்து பல்லக் கடிச்சவங்க கை தூக்குங்க.

ஆராய்ச்சியும் இருக்கு. 2019ல அமெரிக்காவுல ஒரு எம்பிஏ காலேஜ் பட்டதாரிங்க யார் யாருக்கு மெயில் போட்டாங்கன்னு எடுத்துப் பாத்திருக்காங்க. பரவலா தொடர்பும் வெச்சுக்கிட்டு, கூடவே நெருங்கின வட்டத்துல பெண்களையும் வெச்சிருந்த பொண்ணுங்களுக்கு கிடைச்ச வேலையோட மட்டம், தொடர்பும் கம்மியா நெருங்கின வட்டமும் பெரும்பாலும் ஆம்பளைங்களா இருந்த பொண்ணுங்கள விட 2.5 மடங்கு மேல. ஆம்பளைங்களுக்கு பரவலான தொடர்பே போதுமா இருந்துச்சு. பொம்பளைக்கு ரெண்டும் வேணும். எந்த கம்பெனி பொண்ணுங்கள எப்படி நடத்தும், இன்டர்வியூல எத எதிர்பாக்கலாம்னு அந்தச் சின்ன வட்டத்துலதான் தெரிய வரும், எந்த வெப்சைட்லயும் போட மாட்டாங்க.

நானும் இப்படி ஒரு குழுல இருக்கேன். எங்க குழுல ஒருத்தங்கள ஒரு கம்பெனி இண்டிபெண்டன்ட் டைரக்டரா கூப்பிட்டாங்க. பேரும் பெருமையும் இருக்கே, அவங்க பாதி சரின்னுட்டாங்க. நாங்க உக்காந்து கேள்வியா கேட்டோம். டைரக்டர்களுக்கான இன்சூரன்ஸ் எடுத்திருக்காங்களா, போன ஆடிட்டர் ஏன் பாதில போனாரு, புரமோட்டரோட, அதாவது கம்பெனிய ஆரம்பிச்சு கையில வெச்சிருக்கறவரோட, சொந்தக்காரங்க கம்பெனிக்கு எவ்வளவு பணம் போகுது? போர்டுல உங்களுக்குத் தெரிஞ்சே ஒரு தப்பு நடந்தா சட்டப்படி நீங்களும் பொறுப்பு. அவங்க போய் கேட்டாங்க, பதில் மழுப்பலா வந்துச்சு, வேணாம்னுட்டாங்க. இத எந்த மென்டரும் சொல்லித் தர மாட்டார். மென்டர் நமக்கு மேல நின்னு பேசறவர், இங்க எல்லாரும் ஒரே தட்டு.

இதுல புதுசா ஒண்ணுமே இல்ல. 1989ல தர்மபுரில ஆரம்பிச்சது நம்ம சுய உதவிக் குழு. 12ல இருந்து 20 பேரு, ஒரு ஊக்குநர், பிரதிநிதிங்க, மாசாமாசம் கூட்டம், சேமிப்பு, தீர்மான நோட்டுல கையெழுத்து. பேங்க் வாசல்ல ஒத்தையா நின்னா உள்ள விடாதவங்க குழுவா போனப்ப நாற்காலி போட்டாங்க. எங்க வீட்ல வேலை செய்யற அக்காவுக்கு இருக்கற அந்த வசதி கோடிக்கணக்குல பட்ஜெட் பாக்கற பொம்பளைக்கு இல்லன்னா என்ன சொல்ல.

ஆம்பளைங்கள ஒதுக்கறீங்களேன்னு ஒருத்தர் கேட்டாரு. சார், கிளப்பு, கோல்ஃபு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பார்ல பிசினஸ் டாக்கு, இதெல்லாம் தலைமுறையா நடக்குது, அதுக்கு யாரும் பேரு வைக்கல அவ்வளவுதான். நாங்க சனிக்கிழமை காலைல காபி குடிச்சா மட்டும் சங்கம் ஆயிடுது.

ஆரம்பிக்கறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு. ஐம்பது பேர சேத்து வாட்ஸப் குரூப் போடாதீங்க, குட்மார்னிங் ஃபார்வேர்டுலயே செத்துடும். ஆறேழு பேர் போதும், போட்டி கம்பெனிக்காரங்க ரெண்டு பேர் இருக்கக் கூடாது. பேசினது வெளில போகக் கூடாது, கணவர்கிட்ட கூட. புலம்பறதுக்கு முதல் கால் மணி நேரம், அப்புறம் ஒருத்தர் பிரச்சினை, மத்தவங்க கேள்வி. கம்பெனிகாரங்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ரோஜாப்பூ பட்ஜெட்ட நிறுத்திட்டு இப்படி குழுவா கூடறதுக்கு மாசம் அரை நாள் டியூட்டி லீவு குடுங்க, கோல்ஃப் மெம்பர்ஷிப்புக்கு குடுக்கறத விட கம்மியாத்தான் ஆகும்.

எங்க குழுல இப்போ இடமில்ல, கேட்டு மெசேஜ் போடாதீங்க. ஆனா சென்னைல நீங்களா ஒண்ணு ஆரம்பிச்சா முதல் கூட்டத்துக்கு வந்து எப்படி நடத்தறதுன்னு காட்டித் தர்றேன், சனிக்கிழமையா மட்டும் பாத்துக்கோங்க.