நத்தை ஓடு கழற்றி மாட்டும் சட்டை அல்ல
“ஓடு உடைந்தால் கவலை வேண்டாம், நத்தை வேறு ஓட்டுக்குள் குடிபோய்விடும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது துறவி நண்டு செய்யும் வேலை! நத்தைக்கு ஓடு தசையால் உடம்போடு ஒட்டியது, பிடுங்கினால் செத்துப்போகும். சின்ன விரிசல் என்றால் அதுவே உள்ளிருந்து அடைத்துக்கொள்ளும். ஓட்டுக்கு அடியில் இருக்கும் மென்தோல் முதலில் மெல்லிய சவ்வு ஒன்றைச் சுரக்கும், அப்புறம் அதில் சுண்ணாம்பு படியும். தோட்டத்து நத்தைகளை உற்றுப் பாருங்கள், சிலவற்றில் பழைய அடி கோணலான, நிறம் மாறிய தழும்பாகத் தெரியும். வாய்விளிம்பு உடைந்தால் எளிதில் வளர்ந்துவிடும். உச்சிச் சுருள் நொறுங்கி உள்ளுறுப்பு தெரிந்தால் பிழைப்பது கடினம். வளர்ப்பு நத்தைக்கு ஈரம் குறையாமல் பார்த்து, சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடோ பொடித்த முட்டை ஓடோ வையுங்கள். சரி, உடைந்த இடத்தில் பசை மட்டும் தடவாதீர்கள்.