தப்பி ஓடுபவர்கள் அல்ல நாங்கள்

அறிவியல் புனைகதை வாசகர்கள் நிஜ வாழ்விலிருந்து தப்பி ஓடுகிறார்கள் என்று உங்கள் இதழில் வரும் தொடர் கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் கையில் ஒரு விண்வெளிக் கதையோடு நிற்பவன் நான். என் தெருவையே உற்றுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவை இந்தக் கதைகள்தான்.

எங்கள் தஞ்சாவூர்த் தெருவின் மொட்டை மாடிகளில் டிஷ் ஆன்டெனாக்கள் எல்லாம் தெற்குப் பக்கமாகவே அண்ணாந்து நிற்கும். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து நாளுக்கு ஒருமுறை சுற்றும் செயற்கைக்கோள் நம் கண்ணுக்கு அசையாமல் நிற்பதுபோல் இருக்கும் என்பதால்தான் ஆன்டெனாவைத் திருப்பவே வேண்டியதில்லை. அப்படி மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945-லேயே கட்டுரை எழுதிவிட்டார். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்ததே 1957-ல்தான். அதுவும் அவர் நமக்கு அந்நியரா என்ன? 1956 முதல் இலங்கையிலேயே வாழ்ந்தவர். திருகோணமலைக் கடலுக்கடியில் கோணேசர் கோயில் இடிபாடுகளைத் தேடிக் கண்டவர்களில் ஒருவர். இது நம்மில் பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கட்டுரையாளர் கிளார்க்கின் கதை ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு அடுத்த பகுதியை எழுத வேண்டும்.