ஓடுதளத்தில் விழுந்தவரைச் சாலைக் கணக்கில் எழுதாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்த டிராக் ரேஸில் (இரண்டு பைக்குகள் நேரான ஓடுதளத்தில் குறுகிய தூரத்துக்குப் போட்டியிடும் பந்தயம்) ஒரு வீரர் விழுந்த காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ரோட்டில் ஆட்டம் போடுகிறவனுக்கெல்லாம் இதுதான் கதி" என்று தலைப்பிட்டு, பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டையும் ஒட்டி, என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். நான் அன்று அங்கே, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அது ரோடு அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் காணொளி அவர் விழுவதோடு முடிந்துவிடுகிறது. பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டு வண்டிகளும் ஒன்றாகத்தான் கிளம்பின. பந்தயத் தூரமான 402 மீட்டரில் பாதியைத் தாண்டுவதற்குள் இடப்பக்க வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி, இறங்கும்போது கோணலாக இறங்கியது. ஹேண்டில் இருபுறமும் உதறத் தொடங்கிய மறுகணமே அவர் வேறு, வண்டி வேறு என்று ஆகிவிட்டது. வண்டி கரணம் போட்டுக்கொண்டே போக, அவர் முதுகு தரையில் பட வெகுதூரம் சறுக்கிக்கொண்டு போனார். எனக்குக் கால்கள் நடுங்கின. பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். சிவப்புக் கொடி உயர்ந்தது; மார்ஷல்கள் எனப்படும் தடப் பாதுகாப்புப் பணியாளர்கள் ஓடினார்கள்; ஆம்புலன்ஸ் அவர் சறுக்கி நின்ற சிறிது நேரத்திலேயே அருகில் வந்து நின்றது. கூட்டத்திலிருந்து யாரோ "ஹெல்மெட்டைக் கழற்றுங்கள்" என்று கத்தியபோது, மருத்துவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, கழுத்து அசையாமல் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நிதானமாக வேலையைத் தொடங்கினார். ஸ்ட்ரெச்சர் எங்களைக் கடந்தபோது விழுந்தவருடைய வலது கையுறையைப் பார்த்தேன். உள்ளங்கைத் தோல் முழுவதும் தேய்ந்து, உள்ளே இருந்த வெள்ளைத் துணி தெரிந்தது. அந்தத் துணிக்குள் இருந்த விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது, ஆள் பிழைத்துவிட்டார்.

அவர் பிழைத்ததற்கு அந்தக் கையுறையும், லெதர் சூட்டும், எதிரே வாகனம் வராத ஓடுதளமும், காத்து நின்ற மருத்துவரும்தான் காரணம். இவற்றில் ஒன்றுகூட இல்லாத இடத்துக்குப் பெயர்தான் சாலைப் பந்தயம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது அறியாமை என்றால் மன்னித்துவிடலாம். அறிந்தே பேசுகிறவர்களை என்ன செய்வது?

தெருவில் நடந்த பந்தயத்தைத் தெருவிலிருந்து வெளியேற்றியதுதான் இந்த விளையாட்டின் வரலாறே. அமெரிக்காவில் வாலி பார்க்ஸ் என்பவர் 1951-இல் தேசிய ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த கார்) சங்கத்தைத் தொடங்கியது, தெருக்களில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த இளைஞர்களை விதிகள் உள்ள இடத்துக்குக் கொண்டுவரத்தான். சென்னைக்கு அருகே நம் சோழவரத்திலும் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பிறகுதான் இருங்காட்டுக்கோட்டைக்கு முறையான தடம் வந்தது. அங்கும் உயிர்கள் போயிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே இறந்ததை நான் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. ஆனால் ஓடுதளத்தில் ஓர் உயிர் போனால் கேள்வி கேட்கப்படுகிறது. 2008-இல் நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்ற கார் வீரர் இறந்தபோது, அடுத்த மாதமே அதிவேகப் பிரிவுகளின் பந்தயத் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள், வண்டி நிற்பதற்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பதற்காக. நம் சாலைகளில் 2022-இல் மட்டும் நாடு முழுவதும் 1,68,491 பேர் இறந்தார்கள். எத்தனை சாலைகளின் அமைப்பை மாற்றினோம்?

"ஓடுதளத்தில் பார்க்கிற பையன்தான் திரும்பிப் போகும்போது ரோட்டில் முறுக்குகிறான்" என்று சொல்வீர்கள். சிலர் அப்படிச் செய்கிறார்கள்; அன்று மாலை வாகன நிறுத்தத்திலேயே பார்த்தேன், மனம் கசந்தது. அவர்களைப் பிடிக்கட்டும். மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லி நீங்கள் ஒரு பதிவு போட்டிருக்கிறீர்களா? சட்டத்தை மீறாத ஒருவர் விழுந்த பிறகுதான் உங்களுக்கு அக்கறை வருகிறது. இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்கிறவர்களுக்கு, 100 சிசி, 135 சிசி பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைத் தானே பிரித்துப் பூட்டி ஓட்டுகிற மெக்கானிக் பையன்களை வந்து பாருங்கள் என்பதுதான் என் பதில்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். என் சித்தப்பா மகன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவுப் பந்தயம் ஒன்றில் இறந்தான். காலில் ரப்பர் செருப்பு, தலையில் ஒன்றுமில்லை. கூட வந்தவர்கள் போலீஸுக்குப் பயந்து கலைந்து போனார்கள். மீன் ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர்தான் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ஓட்ட வேண்டும் என்ற வெறி அவனுக்கு இருந்தது. எங்கே ஓட்ட வேண்டும் என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப்போக ஆள் இல்லை. எச்சரித்தவர்கள் எல்லோரும் "வண்டியைத் தொடாதே" என்று மட்டும்தான் சொன்னார்கள். இப்போது நீங்கள் சொல்வதும் அதைத்தான்.

திங்கட்கிழமை காலை உங்கள் காணொளி குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. சித்தப்பா எனக்குத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நம்ம புள்ளையும் இப்படித்தான் விழுந்திருப்பானா?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று, அந்தப் பாட்டைத் தேடி எடுத்து ஒட்டியவர் வந்து சொல்லட்டும். மகனை இழந்தவர் ஒருவர், இன்னொரு வீட்டுப் பிள்ளை தூக்கியெறியப்படுவதை உங்கள் தலைப்போடு பார்த்திருக்கிறார். மருத்துவமனையில் படுத்திருப்பவரின் அம்மாவுக்கும் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு அதை அனுப்பியிருக்கக்கூடும்.

விழிப்புணர்வுக்காகப் போட்டோம் என்று சொல்லாதீர்கள். விழிப்புணர்வு என்றால் அந்தக் கையுறையைக் காட்டியிருப்பீர்கள், மருத்துவர் கையை உயர்த்தியதைக் காட்டியிருப்பீர்கள்.

பகிர்ந்தவர்களில் மூன்று பேர் என்னோடு நேரில் பழகுகிறவர்கள். இன்று இரவுக்குள் அதை நீக்கிவிடுங்கள். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பாட்டை எடுத்துவிட்டு, அது அனுமதி பெற்று ஓடுதளத்தில் நடந்த போட்டி என்றும், அவர் உயிரோடு இருக்கிறார் என்றும் தலைப்பை மாற்றிப் போடுங்கள்.