இகின்லாவை இரண்டு வருடம் முன்பே அனுப்பியிருக்க வேண்டும்

ஐஸ் ஹாக்கியில் வருடா வருடம் டிரேட் கெடு, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள், நெருங்கும்போது, பட்டியலின் அடியில் கிடக்கும் அணிகளின் ரசிகர்களுக்குள் ஒரே சண்டைதான். அணியைப் புதிதாகக் கட்டுகிறோம், ஒப்பந்தம் முடியப்போகிற முப்பது தாண்டிய விங்கரை (ஓரத்தில் ஆடும் தாக்குதல் ஆட்டக்காரரை) மறுபடி கையெழுத்துப் போட வைத்து வைத்துக்கொள்வதா, கேட்கிற அணிக்குக் கொடுத்துவிட்டு இளையவர்களை வாங்குவதா? நான் கொடுத்துவிடு என்கிற கட்சி. ஆனால் சீக்கிரம் கொடுக்க வேண்டும்.

கனடாவின் கால்கரி ஃபிளேம்ஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். விங்கர் ஜெரோம் இகின்லா அந்த அணிக்காக மட்டும் 1219 ஆட்டங்கள், 525 கோல்கள். 2003-லிருந்து கேப்டன். 2004-ல் அணியை லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பை இறுதியின் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துப் போனவர். அப்படி ஒருவரை அனுப்ப யாருக்குத்தான் மனசு வரும்? எனக்குப் புரிகிறது. ஆனால் 2010-11ல் அவர் 43 கோல் அடித்தார், ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு சீசன் பாக்கி, அணியோ இரண்டாவது வருடமாக பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக் அவுட் சுற்றுகளுக்கு, போகவில்லை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது இந்த மாதிரி நேரத்துக்குத்தான். நிர்வாகம் அடுத்த வருடம் போய்விடலாம், அடுத்த வருடம் போய்விடலாம் என்றே இருந்தது.

கடைசியில் 2013 மார்ச் இறுதியில், ஒப்பந்தம் முடிய சில மாதங்களே இருக்கும்போது, 35 வயதில் அவரை பிட்ஸ்பர்க் அணிக்கு அனுப்பினார்கள். அவர் சம்மதிக்காமல் எங்கும் அனுப்ப முடியாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அவரைக் கேட்ட இன்னொரு அணியான பாஸ்டனின் மேலாளர் பேச்சு முடிந்துவிட்டது என்றே நம்பியிருந்தார், இகின்லா பிட்ஸ்பர்க்கைத் தேர்ந்தெடுத்தார். அது அவர் உரிமை, அதில் அவர்மேல் தப்பே இல்லை. ஆனால் பேரம் பேச கால்கரியின் கையில் என்ன மிச்சம்? கிடைத்தது அகோஸ்டினோ, ஹனோவ்ஸ்கி என்று இரண்டு இளைஞர்கள், அப்புறம் ஒரு முதல் சுற்றுத் தேர்வு (அணிகள் வருடாவருடம் புது இளைஞர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை). அந்தத் தேர்வில் எடுத்தது கிளிம்சக்கை. மூன்று பேரில் ஒருவர்கூட கால்கரியில் நிலைக்கவில்லை.

இதோடு டொராண்டோவை ஒப்பிடுங்கள். 2015 ஜூலை 1 அன்று தங்கள் விங்கர் ஃபில் கெஸ்ஸலை, 27 வயதில், ஒப்பந்தத்தில் ஏழு வருடம் பாக்கி இருக்கும்போதே, அதே பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்தார்கள். அவர் சம்பளத்தில் ஒரு பங்கைத் தாங்களே சுமக்கவும் ஒத்துக்கொண்டார்கள். கிடைத்தவர்களில் கபனென் பின்னால் அணியில் ஆடினார், முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து கோல் காப்பாளர் ஆண்டர்சனை வாங்கினார்கள். கெஸ்ஸல் இல்லாத அடுத்த சீசனில் டொராண்டோவுக்குக் கடைசி இடம், அதனால் டிராஃப்டில் முதல் ஆளை எடுக்க நல்ல வாய்ப்பு, அப்படிக் கிடைத்தவர் ஆஸ்டன் மேத்யூஸ். கெஸ்ஸலுக்கு பிட்ஸ்பர்க்கில் 2016, 2017 இரண்டு ஸ்டான்லி கோப்பைகள். சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு, அந்த மனிதர் டொராண்டோவில் வாங்கின திட்டு கொஞ்சமா?

சரி, சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க மூத்தவர் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஆனால் அது அணியிலேயே அதிக விலை போகிறவராக இருக்க வேண்டுமா? இகின்லா போன பிறகு மோனஹன், காட்ரோ என்ற இளைஞர்கள் புது கேப்டன் ஜியோர்தானோவின் தலைமையில் வளர்ந்தார்கள், 2015-ல் பிளேஆஃப் போய் முதல் சுற்றில் வான்கூவரையும் வென்றார்கள்.

அனுப்பினால் அவமரியாதை என்கிறவர்களுக்கும் ஒன்று. 2019 மார்ச் 2 அன்று கால்கரி அரங்கத்தில் இகின்லாவின் 12-ம் எண் சட்டையை, இனி யாரும் அதை அணியக்கூடாது என்ற மரியாதையாக, மேலே ஏற்றினார்கள். அன்றைக்கு அங்கே நின்றவர் பிட்ஸ்பர்க், பாஸ்டன், கொலராடோ, லாஸ் ஏஞ்சலிஸ் என்று நான்கு ஊர்களுக்கு ஆடி முடித்தவர். கால்கரிக்காரர்கள் அவரைத் தங்கள் ஆளாகத்தான் வரவேற்றார்கள்.