குளத்தில் மயில்துத்தம் கொட்டாதீர்கள்

கோடை முற்றியதும் நம் டெல்டா ஊர்க் குளங்கள் சிலவற்றில் பெயிண்டைக் கொட்டியதுபோல் பச்சை படர்கிறது. உடனே யாராவது அதைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கி வந்துவிடுகிறார்கள். இரண்டே நாளில் தண்ணீர் தெளிந்தால் ஊரே மகிழ்கிறது. எனக்கு அந்தத் தெளிவுதான் பயமாக இருக்கிறது.

இப்படித் திரள்வது பல நேரங்களில் சயனோபாக்டீரியா. வயலுக்கு உயிர் உரமாக இடுகிறோமே நீலப்பச்சைப் பாசி, அதன் சொந்தம். எல்லா வகையும் கெட்டதல்ல. ஆனால் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். எதில் நஞ்சு உண்டு என்பது கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது.

உயிரோடு இருக்கும்வரை மைக்ரோசிஸ்டிஸின் நஞ்சு பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். மயில்துத்தம் பட்டால் செல் உடைந்து, அத்தனையும் தண்ணீரில் கலந்துவிடும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், வேறொரு வகை சயனோபாக்டீரியா படர்ந்த குடிநீர் அணையில் இதே மருந்தைத்தான் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர் நோயில் விழுந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள்.

அப்படியானால் எதைத்தான் செய்வது? வேர், இந்தப் பச்சையை வளர்க்கும் சத்தான பாஸ்பரஸில் இருக்கிறது. 1973இல் கனடாவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் ஓர் ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகத் திரண்டது.

நம் குளத்துக்கு அது எங்கிருந்து வருகிறது? 50 கிலோ டிஏபி உர மூட்டையில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. அதற்காக விவசாயியை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வயல் மண் அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தெருச் சாக்கடையும் கழிப்பறைக் கழிவும் எந்தத் தடையும் இல்லாமல் நேரே குளத்தில் இறங்குகின்றன. சேற்றில் படிந்த பாஸ்பரஸ் கோடையில் மறுபடியும் மேலே வரும். அதனால் சாக்கடையை அடைத்த பிறகும் சில வருடங்கள் பச்சை தொடரலாம்.

கோடையில் வண்டல் வெட்டி வயலுக்கு அடித்த நம் முன்னோர் இந்தச் சுமையைத்தான் குளத்திலிருந்து இறக்கினார்கள். பயிருக்கு உரம், குளத்துக்கு மருத்துவம். வண்டல் எடுக்க அரசு அனுமதியும் தருகிறது. அடுத்த கிராம சபையில் இரண்டைக் கேளுங்கள்: சாக்கடைக்கு மாற்று வழி, மேட்டூர் தண்ணீர் வருவதற்குள் வண்டல் எடுப்பு. அதுவரை பச்சை ஒதுங்கிய கரையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டாதீர்கள், பிள்ளைகளையும் இறங்க விடாதீர்கள்.