பக்கவாத்தியக்காரர் பெயர் எங்கே?

நேற்று ராத்திரி நான் தேடியது ஒரே ஒரு மனிதரின் பெயர். நாற்பது நிமிஷம் போனது. கிடைக்கவில்லை. இன்னும் கை நடுங்குகிறது, அவ்வளவு ஆத்திரம்.

அக்கா மகள் வந்திருந்தாள். ஆறு வருஷமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிற பெண். நான் ஜாஸ் சாக்ஸபோன்காரர் சார்லஸ் லாயிடின் 'தி ஸ்கை வில் ஸ்டில் பி தேர் டுமாரோ' ஆல்பத்தை ஓட விட்டிருந்தேன். 1938 மார்ச் 15 அன்று மெம்ஃபிஸில் பிறந்த மனிதர், 2024 மார்ச் 15 அன்று, தன் 86வது பிறந்தநாளில் வெளியிட்ட இரட்டை ஆல்பம். அந்த வயதில் சாக்ஸபோனில் அப்படி ஒரு மூச்சு! பாதியில் அவள் போனைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். "டிரம்ஸ்காரர் அடிக்கவே மாட்டேங்கிறாரு மாமா. ஆனா எல்லாரையும் அவருதான் இழுத்துட்டுப் போறாரு. யாரு மாமா?" எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிரையன் பிளேட் என்றேன். சாக்ஸபோன் மேதை வெய்ன் ஷார்ட்டரின் நால்வர் குழுவில் வருஷக்கணக்காக வாசித்தவர் என்றேன். அடுத்து கேட்டாள்: "அந்தப் பெரிய பேஸ் வாசிக்கிறது?"

ஆளுயரத்துக்கு நிற்கிற அந்தத் தந்தி வாத்தியத்தை வாசித்தவர் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. இரு, பார்த்துச் சொல்கிறேன் என்று பாட்டுக் கேட்கிற ஆப்பைத் திறந்தேன். அங்கே பிடித்தது சனி.

அட்டைப்படம். கீழே சார்லஸ் லாயிட். அவ்வளவுதான். மூன்று புள்ளியை அழுத்தினேன். 'விவரங்கள்' என்று இருந்தது. அழுத்தினேன். பாடகர்: சார்லஸ் லாயிட். பாடலாசிரியர்: சார்லஸ் லாயிட். பாடகரா? அவர் எங்கே பாடினார்? சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசிக்கிற மனிதர். ஒரு சொல்கூட இல்லாத இசைக்குப் பாடலாசிரியர் எதற்கு? கீழே 'பாடல் வரிகள் விரைவில்' என்று ஒரு பொத்தான் வேறு. விரைவில் எப்படி வரும்? எங்கிருந்து வரும்? பியானோவில் ஜேசன் மோரன், டிரம்ஸில் பிரையன் பிளேட், பேஸில் அந்த மனிதர். மூன்று பேரையும் துடைத்து எறிந்துவிட்டு, இல்லாத வரிகளுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். சிரமத்துக்கு வருந்துகிறோம், ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள் என்று பதில். செய்தேன். டவுன்லோட் செய்து வைத்திருந்த ஆல்பங்கள் அத்தனையும் போயின. பேஸ் வாசித்தவர் பெயர் வரவில்லை. மறுபடி எழுதினேன். பாடகர் பெயர்தான் தெரிகிறதே சார் என்றார்கள். பாடகரே கிடையாது, இது வாத்திய இசை என்றேன். எந்த மொழிப் பாட்டு என்று கேட்டார்கள். மொழி இல்லை என்றேன். ஏதாவது ஒரு மொழியைத் தேர்வு செய்தால்தான் புகாரைப் பதிவு செய்ய முடியுமாம். வயிறு எரிய, ஆங்கிலம் என்று போட்டேன். "உங்கள் பிரச்சினை தீர்ந்தது என்று நம்புகிறோம்" என்று வந்தது. ஐந்து நட்சத்திரம் கேட்டது. ஜன்னல் மூடிக்கொண்டது.

இதற்குள் ஆல்பம் முடிந்து, அதுவாகவே ஏதோ காபிக்கடை ஜாஸ் ஓட ஆரம்பித்திருந்தது. வாசித்தது யார் என்றே தெரியாத, ஒன்றுபோலவே இருக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தால் பெண் தூங்கப் போய்விட்டாள்.

நம் ஊரில் ஒரு கோயில் கச்சேரிக்கு நோட்டீஸ் அடித்தால்கூட வயலின் யார், மிருதங்கம் யார், கஞ்சிரா யார் என்று போடுவார்கள். விட்டுவிட்டால் சண்டை வரும், வர வேண்டும். ஜாஸில் பக்கவாத்தியம் என்பது ஓரமாக உட்கார்ந்திருக்கிற விஷயமே இல்லை. லாயிடோடு முன்பு பேஸில் ரூபன் ராஜர்ஸும் டிரம்ஸில் எரிக் ஹார்லண்டும் வாசித்தபோது கேட்ட இசை வேறு, இது வேறு. அவர் அதே சாக்ஸபோன்தான் ஊதுகிறார். தரை மாறிவிட்டது. அந்தத் தரையைப் போட்டவர்களின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றால் என்ன நியாயம்? பழைய எல்பி உறையைத் திருப்பினால் பின்னால் எல்லாப் பெயரும் இருக்கும். அட்டையில் இருந்த இடம் இந்தத் திரையில் இல்லையா?

ஜாஸ் டிரம்ஸ் மேதை ஜாக் டிஜோனெட் 2025 அக்டோபர் 26 அன்று இறந்தார். அன்று இரவு இதே ஆப்பில் அவர் பெயரைப் போட்டேன். அவர் தன் பெயரில் வெளியிட்ட ஆல்பங்கள் மட்டும் வந்தன. 1966இல் கலிபோர்னியாவின் மான்டரே ஜாஸ் விழாவில் இதே லாயிடோடு வாசித்த 'ஃபாரஸ்ட் ஃப்ளவர்' வரவில்லை. அவர் டிரம்ஸ் வாசித்த, டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' வரவில்லை. பியானோ கீத் ஜாரட், பேஸ் கேரி பீகாக்கோடு 1983 முதல் முப்பது வருஷம் வாசித்த மூவர் குழு வரவில்லை. செத்தவருக்கு அஞ்சலியாக அவர் வாசிப்பைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தவனுக்கு, அவர் வாசித்ததில் பாதிக்கு மேல் அவர் வாசித்ததாகவே கணக்கில் இல்லை.

புளூஸ் பக்கம் போனால் இன்னும் கொடுமை. புளூஸ் கிட்டார்காரர் பட்டி கை 2025 ஜூலை 30 அன்று, தன் 89வது பிறந்தநாளில், 'ஐன்ட் டன் வித் தி புளூஸ்' வெளியிட்டார். 89 வயது! அந்த வாரம் 'புதிய வெளியீடுகள்' பகுதியைத் திறந்தால் முதலில் நிற்பது பழைய புளூஸ் மேதை மடி வாட்டர்ஸ். அவர் போய்ச் சேர்ந்தது 1983இல். ஐரோப்பாவில் 1962 வரை வெளிவந்த பதிவுகளுக்கு ஐம்பது வருஷத்தோடு ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. பின்னால் சட்டத்தை எழுபது வருஷமாக நீட்டியபோதும், முடிந்தது முடிந்ததுதான். அதனால் யார் வேண்டுமானாலும் பழைய பதிவுகளை வாரி எடுத்து, புது அட்டை ஒட்டி, இந்த வருஷத் தேதி குத்தி இறக்குகிறார்கள். மடி வாட்டர்ஸை நான் கும்பிடுகிறவன். ஆனால் உயிரோடு இருக்கிற 89 வயதுக்காரரின் புது ஆல்பத்தை அந்தக் குப்பைக்குக் கீழே ஏழாவது வரிசையில் போடுவது அக்கிரமம். அந்த மடி வாட்டர்ஸின் 1964 ஆல்பம் 'ஃபோக் சிங்கர்'இல் இரண்டாவது கிட்டார் வாசித்ததே இளம் பட்டி கைதான். அதையாவது காட்டுகிறதா? அங்கேயும் ஒரே பெயர்தான்.

காலையில் ரெக்கார்டு கம்பெனியின் பக்கத்தில் ஒரு நிமிஷத்தில் கிடைத்தது. லாரி கிரனாடியர். பியானோக்காரர் பிராட் மெல்டாவின் மூவர் குழுவில் காலம் காலமாக வாசித்தவர். எனக்கு எப்படி மறந்தது என்று என்மேலேயே கோபம். அக்கா மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ஆப்ல அவர் பேரைப் போட்டுத் தேடினேன் மாமா. இந்த ஆல்பமே வரலையே? வேற ஆளா?"

வேற ஆள் இல்லைம்மா. அவரேதான்.

சரி, உட்கார்ந்து அந்த பேஸை மட்டுமாவது ஒழுங்காகக் கேட்போம் என்று நல்ல இயர்போனை எடுத்தால், புதுப் போனில் அதைச் செருக ஓட்டை இல்லை. அந்த ஓட்டை அவர்களுக்கு என்ன பாவம் செய்தது? யாராவது சொல்லுங்கள், அதை ஏன் அடைத்தார்கள்?