முப்பது நாள் வேலை செய்தவரும் வேலையில் இருப்பவர்தான்

சென்னையில் வேலையின்மை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒற்றை எண்ணில் இதற்கு விடை சொல்பவர்களை நான் நம்புவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, நாட்டின் வேலையின்மை விகிதம் 2017-18இல் 6.1 சதவீதமாக இருந்து 2023-24இல் 3.2 சதவீதமாக இறங்கியது. ஆனால் துணைத் தொழிலாக ஆண்டில் 30 நாள் ஏதேனும் செய்திருந்தாலே ஒருவர் வேலையில் இருப்பவராகிவிடுகிறார் என்பதும், அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளமில்லாமல் கல்லாவில் உட்காரும் பி.இ. பட்டதாரியும் அந்தக் கணக்கில் உழைப்பாளியே என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

சென்னையின் உண்மையான கதை ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இருக்கிறது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், வீடு திரும்பினார்கள். பின்னர் அந்த வளாகத்தை செல்பேசி சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. சுற்றுவட்டாரத்தில் மின்னணு உற்பத்தி முன்னைவிடப் பெருகியது. ஆகவே வேலை திரும்பி வந்தது என்று எழுதுவதில் பிழையில்லை. ஆனால் வேலையை இழந்தவர்களிடமா அது திரும்பியது? இருபது வயதில் அங்கே சேர்ந்த பெண்ணுக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது. ஆலைகளோ இன்றும் இருபது வயதுக்காரர்களைத்தான் தேடுகின்றன. மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியபோதும் நடுவயதில் வெளியே வந்தவர்களுக்கு இதே சிக்கல்தான்.

என் அக்கா மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ‘ட்ரெயினி’யாகச் சேர்ந்து, ஓராண்டு முடிவதற்குள் வெளியே அனுப்பப்பட்டு, ஆள் அனுப்பும் கன்சல்டன்சி ஒன்றின் வழியாக அதே ஷிப்டுக்கு, அதே கம்பெனி பஸ்ஸில், மீண்டும் போனான். இரண்டு ஆண்டுக் காலத்தில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த 480ஐ எட்டவிடாமல் பார்த்துக்கொள்வதையே சிலர் ஒரு தொழிலாக வைத்திருக்கிறார்கள். இடையில் வேலையில்லாத மாதங்களில் அவன் பைக்கில் உணவு டெலிவரி செய்தான். ஆக, எந்தக் கணக்கெடுப்பாளர் எந்த மாதத்தில் வந்து கதவைத் தட்டியிருந்தாலும் அவன் வேலையில்லாதவனாகப் பதிவாகியிருக்க மாட்டான். வாடகை கொடுத்து இந்நகரில் வாழ்பவனுக்குச் சும்மா இருக்கும் வசதி கிடையாது.

சும்மா இருக்க முடிந்தவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். 2024இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு அறிவிக்கப்பட்டபோது 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இது மாநிலம் முழுவதற்குமான எண்ணிக்கை. விண்ணப்பித்த எல்லோரும் வேலையற்றவர்களும் அல்லர். இருந்தாலும், கிடைத்த வேலையை ஒரு வேலையாகவே கருதாதவர்கள் எத்தனை பேர் என்பதை விகிதத்தைவிட இந்த எண் நேர்மையாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் இப்போது அதற்குள் அடங்கும். அந்த எல்லைக்குள் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், காண்ட்ராக்ட் எத்தனை பேர், ட்ரெயினி என்ற பெயரில் எத்தனை பேர், முப்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக வேலை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் பிரித்து வெளியிட்டால், நண்பரின் கேள்விக்கு நானும் ஒரு எண்ணைச் சொல்லத் தயார்.